பூட்ஸ் குதிகாலில் ஒரு பெருக்கல் குறி

எரிமலை ஏற வருகிறவர்களின் முகத்தை நோல்பா பார்ப்பதே இல்லை. முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு, ஆறு மாதம் பேருந்திலும் படகிலும் ஊர் ஊராக அலைந்துவிட்டு மலையடிவாரத்து ஊரான புக்கோனில் வந்து இறங்குகிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால், ஒவ்வொருவரும் நாலு மலையை மென்று துப்பியவர்கள் மாதிரிதான் இருப்பார்கள். அதை நம்பினால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அவள் சொல்வது ஒரே வசனம்.

"உக்காரு. ஷூவக் கழட்டு. சாக்ஸையும்."

சாக்ஸ் கழன்றதும் அறையில் இருக்கும் மற்றவர்கள் ஜன்னல் பக்கம் நகர்வார்கள். நோல்பா மட்டும் முக்காலியை இழுத்துப் போட்டு அந்தக் காலை மடியில் வாங்கிக்கொள்வாள். வடக்கே பாலைவனத்திலிருந்து வந்த சாக்ஸுக்கு ஒரு நாற்றம், தெற்கே மழைக்காட்டில் நடந்து வந்ததற்கு இன்னொரு நாற்றம். பாஸ்போர்ட் பார்க்காமலே எவன் எந்த வழியாக வந்தான் என்று சொல்லிவிடுவாள். இருபத்திரண்டு வருட சர்வீஸ், சும்மாவா?

புக்கோனில் தடுக்கி விழுந்தால் எரிமலைக்கு ஆள் கூட்டிப்போகிற கடை ஒன்றின் வாசலில்தான் விழ வேண்டும். அதில் தோன் எகோன் என்பவருடைய கடையின் பின்னறை நோல்பாவின் ராஜ்ஜியம். நூற்று எண்பது ஜோடி பூட்ஸ், பூட்ஸுக்கு அடியில் கட்டுகிற இரும்புப் பற்கள், கைக்கோடரி, ஹெல்மெட், புகைக்கு முகமூடி, பனியில் உட்கார்ந்து சறுக்கி இறங்க ஆளுக்கொரு பிளாஸ்டிக் தட்டு. மறுநாள் ஏறப் போகிறவர்கள் முந்தின சாயங்காலமே வந்து எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தத் தட்டைப் புரட்டிப் பார்த்து "இது எதுக்கு?" என்று கேட்பவர்களிடம், "பின்னாடி வச்சுக்கோ, மத்தத மலை பாத்துக்கும்" என்பாள்.

பூட்ஸ் பொருந்தியதும் வலது குதிகாலில் சாக்பீஸால் ஒரு குறி போடுவாள். வட்டம் என்றால் ஆள் மலையின் வாய் வரை போய்விடுவான். பெருக்கல் என்றால் பாதியில் திரும்பிவிடுவான். போட்டுக்கொள்கிறவர்கள் அதை ஏதோ சைஸ் குறி என்று நினைத்துக்கொள்வார்கள். வழிகாட்டிகளுக்குத்தான் விஷயம் தெரியும். காலையில் வேன் பக்கத்தில் நின்றுகொண்டு குதிகால்களைக் குனிந்து குனிந்து பார்ப்பார்கள், பந்தயம் கட்டுவார்கள். தோற்றவன் வாங்கித்தர வேண்டியது, அவகாடோ மசியலும் மயோனைசும் முழங்கை வரை வழியும் சாசேஜ் ரொட்டி. வானிலை பொய்த்தாலும் நோல்பாவின் சாக்பீஸ் பொய்க்காது என்பது அந்தக் கூட்டத்தின் வேதவாக்கு.

இந்தக் கண் அவளுக்கு எப்படி வந்தது என்று கேட்டால் அப்பாவைச் சொல்வாள். அந்த மனுஷன் மலையடிவாரத்தில் எருது வியாபாரி. சந்தையில் எல்லாரும் எருதின் பல்லைப் பிடித்துப் பார்க்கும்போது இவர் மட்டும் சேற்றில் முழங்காலிட்டுக் குளம்பைத் தடவிக்கொண்டிருப்பாராம். பதினேழு வயதில் நோல்பா ஊருக்கு வந்து பணக்காரர் வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள், செருப்புத் தைக்கிற கடையில் நின்றாள், கடைசியில் இந்த அறைக்கு வந்து சேர்ந்தாள். எருதுக்கு நாலு கால், மனுஷனுக்கு இரண்டு, வேலை பாதிதானே என்று சிரிப்பாள்.

அவளுடைய நேர்மைக்குச் சாட்சியாக ஊரே சொல்கிற கதை ஒன்று உண்டு. அவள் புருஷன் ஆர்செனியோதான் கடையின் வேன் டிரைவர். காலையில் ஆட்களை மலையடியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அவர்கள் இறங்கி வரும் வரை ஏழெட்டு மணி நேரம் வேனிலேயே குறட்டை விடுவது அவன் உத்தியோகம். பத்தொன்பது வருடம் முன்னால் ஒரு நாள், "எல்லாரையும் ஏத்தி விடறேன், நானும் ஒரு தடவ ஏறிப் பாக்கறேனே" என்று வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். நோல்பா காலைப் பார்த்தாள். கட்டின புருஷன் என்றும் பார்க்காமல் பெருக்கல் போட்டாள். அவனும் சொல்லி வைத்தாற்போல பாதியில் திரும்பி வந்தான். அன்றிலிருந்து அவனுக்கு முட்டி சரியில்லை. கேஸ் சிலிண்டர் தூக்க மாட்டான், கோயில் படியைப் பக்கவாட்டில்தான் ஏறுவான், அடுப்புக்கு விறகு பிளக்க மாட்டான். விறகு பிளப்பது நோல்பா. ஞாயிற்றுக்கிழமை கறி சுடுகிற இடத்திலெல்லாம் இந்தக் கதை ஒருமுறை ஓடும், ஆர்செனியோவும் முட்டியைத் தட்டிக் காட்டிச் சேர்ந்து சிரிப்பான்.

நோல்பா மட்டும் மலை ஏறியதே இல்லை. கேட்டால், "தெனமும் என் பூட்ஸு ஏறுதே, போதாதா?" என்பாள்.

இப்படியே ஓய்வு பெற்றிருப்பாள். ஜுரேமா என்று ஒரு பிரேசில்காரி வந்து கெடுத்தாள். வயது அறுபத்தாறு, தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், பேரப்பிள்ளைகளுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு முதுகில் பையோடு தனியாகக் கிளம்பியவள். பெருவிரல் மூட்டு இரண்டும் வெங்காயம் வெங்காயமாகப் புடைத்திருந்தன. கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நின்றது. நோல்பா யோசிக்கவே இல்லை. சாக்பீஸ் ஒடிகிற மாதிரி அழுத்தி ஒரு பெருக்கல் போட்டாள்.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு ஜுரேமா மூக்கில் சாம்பலோடு உள்ளே வந்து, நோல்பாவை இழுத்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள்.

"நெருப்பப் பாத்துட்டேன்டி தங்கம்! உள்ள கொழகொழன்னு கொதிக்குது!"

அவளை அழைத்துப்போனது யாஸ்னா என்கிற புது வழிகாட்டி. வேலைக்குச் சேர்ந்து ஐந்தே நாள் ஆன பெண். அன்றைக்கு வழிகாட்டிகள் அடித்த கூத்தைச் சொல்லி மாளாது.

"அக்கா, கண்ணாடி போடற வயசு வந்துருச்சு," என்றான் லிசாந்த்ரோ. ஊரில் அவனைப் 'பாதிவழி' என்று கூப்பிடுவார்கள். எப்போதும் கடைசிக் குழுவை நடத்துகிறவன், பெருக்கல் குறிக்காரர்கள் பெரும்பாலும் அவன் தலையில்தான் விழுவார்கள். பாவம், இவனுக்கு வாய்ப்பதெல்லாம் சொத்தை என்று நோல்பா அவனுக்காக இரக்கப்பட்டதுகூட உண்டு.

"போடா. ஆயிரத்துல ஒண்ணு தப்பாதா?" என்று வாயால் சமாளித்தாளே தவிர, அன்று மாலைத் தேநீருக்கு வைத்த ரொட்டியை அவள் தொடவே இல்லை. கண் போய்விட்டதா? அது போய்விட்டால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டாள். ஊரான் வியர்வையில் நனைந்த பூட்ஸை அடுப்புப் பக்கத்தில் காயவைக்கிற ஒரு பொம்பளை, அவ்வளவுதான். அவளுக்கு அழுகை வந்தது. அழவில்லை, இரண்டு கட்டு விறகு பிளந்தாள்.

திங்கட்கிழமை அவளுக்கு விடுமுறை. "நான் மலைக்குப் போறேன்," என்று ஞாயிறு மாலை அறிவித்தாள். அங்கே மேலே என்னதான் இருக்கிறது, தன் கண்ணுக்கு எது தப்பியது என்று பார்த்துவிடுவது. பெஞ்சில் உட்கார்ந்து தன் சாக்ஸைக் கழற்றினாள். யாரோ அசலூர்க்காரி காலைப் பார்ப்பது போலப் பார்த்தாள். வயது ஐம்பத்திநான்கு. பாதம் தோசைக்கல். இடது கணுக்கால் உள்பக்கம் சாய்கிறது. சாக்பீஸை எடுத்துப் பெருக்கல் போட்டாள்.

கதவில் சாய்ந்து நின்ற ஆர்செனியோ பதறினான். "ஏ கெழவி, ஒனக்கே போட்டுக்கறியா?"

"கால்னா கால்தான். எவ காலா இருந்தா என்ன?"

"அப்பறம் எதுக்குப் போற?"

நோல்பா சாக்ஸை மறுபடி மாட்டினாள். ஏறிவிட்டால் கண் பொய், ஏறாவிட்டால் கால் பொய். எப்படியும் ஒன்று போகத்தான் போகிறது, எது என்று தெரிந்துகொள்ளாமல் இனி அவளால் யார் காலையும் மடியில் வைக்க முடியாது.

காலையில் வேன் பக்கத்தில் பந்தயம் களைகட்டியது. எல்லாரும் பெருக்கல் பக்கம். யாஸ்னா மட்டும் நோல்பாவின் குதிகாலைப் பார்த்து முழித்தாள்.

"அது சைஸ் நம்பர் இல்லியா?"

மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நோல்பாவும் முன்சீட்டில் உட்கார்ந்து, புதுசு, விவரம் பத்தாது என்று சிரித்தாள்.

மலையடியில் இறங்கியதும் அவள் வறுத்த கோதுமை மாவு ஒரு பிடி எடுத்துப் பனியில் தூவினாள். அவள் அம்மா அந்த மலையை மலை என்று சொல்லவே மாட்டாள், உள்ளே ஒருத்தர் குடியிருக்கிற வீடு என்பாள். "வீட்டுக்காரரே, வாசல் வரைக்குந்தான் வருவேன். எட்டிப் பாத்துட்டுப் போயிடுவேன், கோவிச்சுக்காதீங்க," என்று முணுமுணுத்துவிட்டு நடக்கத் தொடங்கினாள்.

லிசாந்த்ரோவின் குழுவில் அவளோடு இரண்டு பையன்கள், முதுகுப்பையோடு ஊர் சுற்றுகிற ஜாதி. இரண்டு பேருக்கும் நேற்று அவள்தான் பெருக்கல் போட்டிருந்தாள். சரளை முடிந்து பனி ஆரம்பித்தது. பூட்ஸுக்கு அடியில் பற்களைக் கட்டிக்கொண்டு, கோடரியை ஊன்றி, இடமும் வலமுமாக வளைந்து வளைந்து ஏறினார்கள். இப்போது மூச்சு திணறும், இப்போது கணுக்கால் பிசகும் என்று நோல்பா எதிர்பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் வரவில்லை. முதுகும் தோளும் கோடரியோடு பழகியவை போல வேலை செய்தன. பத்தொன்பது வருடமாக அவளுக்குக் கோடரியோடு பழக்கம்தானே.

பென்குவின்கள் மாதிரி எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து இளைப்பாறுகிற பாறை ஒன்று உண்டு. அங்கே லிசாந்த்ரோ நின்றான். வாட்ச்சைப் பார்த்தான். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான்.

"தம்பிகளா, அக்கா, இன்னைக்கு இவ்வளவுதான். காத்து மாறுது. நேரம் பத்தாது. திரும்பிடுவோம்."

"எங்களுக்கு ஒண்ணுமில்லையே, நல்லாத்தானே இருக்கோம்?" என்றான் ஒரு பையன். இன்னொருவன் ஆப்பிள் கடித்துக்கொண்டு சீட்டியடித்துக்கொண்டிருந்தான். பெருக்கல் போட்ட கால், சீட்டியடிக்கிறது! நோல்பா முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள். யாஸ்னாவின் குழு எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. காற்று அவர்களுக்கு மட்டும் மாறவில்லை போலிருக்கிறது.

"மணி என்னடா?"

"பத்தரை இருக்கும்."

"திரும்பற நேரம் பன்னெண்டுன்னு கடைச் செவுத்துல எழுதி ஒட்டிருக்கே. நான்தான் ஒட்டுனேன்."

லிசாந்த்ரோ கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான்.

"அக்கா, நீங்களே பெருக்கல் போட்டுட்டு என்னக் கேட்டா எப்படி?"

"போட்டா?"

"போட்டா ஏறமாட்டாங்கல்ல? இருபது வருஷமாப் பாக்கறோமே, அந்தப் பிரேசில்காரியத் தவிர ஒண்ணாச்சும் தப்பிருக்கா? எப்படியும் ஏறப்போறதில்ல, பாவம் இன்னும் ஒண்ணரை மணி நேரம் எதுக்கு இழுத்துட்டுப் போறதுன்னு இங்கயே திருப்பிருவோம். அவங்க நல்லதுக்குத்தான்க்கா. பந்தயமும் இருக்குல்ல."

"எல்லாரையுமா?"

"பெருக்கல் மட்டுந்தான். வட்டக்காரன் அழுதாக்கூட முதுகுல தள்ளிட்டாச்சும் மேல கொண்டுபோயிடுவோம். ஒங்க மானம் எங்க மானம்."

நோல்பா பனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இருபத்திரண்டு வருடம். எத்தனை கால்கள்! தெமுக்கோ நகரத்திலிருந்து வந்து, போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே பூட்ஸைத் திருப்பிக் கொடுத்த வாத்தியார் ஞாபகத்துக்கு வந்தார். தேனிலவுக்கு வந்து, புருஷன் மட்டும் மேலே போக, தான் பாதியில் திரும்பி வந்து பின்னறையில் தனியாகக் காத்திருந்த அந்தப் பெண் வந்தாள். அவர்கள் யாரையும் மலை மறுக்கவில்லை. ஒரு சாக்பீஸ் துண்டு மறுத்திருக்கிறது. அவளுக்கு லிசாந்த்ரோவை அறைய வேண்டும் போலிருந்தது, அதைவிட அதிகமாகத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

கட்டை விரலை நாக்கில் தொட்டாள். குதிகாலைத் திருப்பி, பெருக்கலை அழுத்தித் துடைத்தாள். சாக்பீஸ் கையில் இல்லை. சட்டைப் பையில் வெயிலுக்குப் பூசுகிற வெள்ளைக் களிம்பு இருந்தது. அதைப் பிதுக்கி, பூட்ஸில் தாராளமாக ஒரு வட்டம் போட்டாள். பையன்களைப் பார்த்து, "காலக் காட்டுங்கடா," என்றாள். அவர்களுக்கும் ஆளுக்கொரு வட்டம்.

"இப்ப சொல்லு."

லிசாந்த்ரோ மூன்று குதிகால்களையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் நெற்றியில் நிஜமாகவே குழப்பம் தெரிந்தது.

"இப்ப... வட்டம்க்கா."

"வட்டத்த என்ன செய்வீங்க?"

"மேல கொண்டுபோவோம்," என்றான், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பவன் மாதிரி.

"அப்ப நட முன்னாடி."

மலையின் வாயை அடைந்தபோது மணி பன்னிரண்டாக ஐந்து நிமிடம். முகமூடியையும் மீறிக் கந்தகம் தொண்டையைச் சுரண்டியது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வீட்டுக்காரரிடம் சொன்னபடி நோல்பா எட்டி மட்டும் பார்த்தாள். அடியாழத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று பொங்கி, ஒரு முறை துப்பிவிட்டு அடங்கியது. இதைப் பார்க்கத்தானா இந்தப் பாடு என்று சொல்ல வாயெடுத்தாள், ஆனால் அதற்குள் அது மறுபடி துப்பியது, அவள் குழந்தை மாதிரிக் கைதட்டிவிட்டாள்.

திரும்பிக் கீழே பார்த்தாள். ஏரி, ஊர், மலையடியில் வண்டிகள் நிற்கிற இடம். அதில் அரிசி மணி போல ஒரு வெள்ளைப் புள்ளி. தங்கள் வேன். உள்ளே ஆர்செனியோ வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருப்பான்.

அவள் சிரிப்பு நின்றது. முகமூடியை இறக்கினாள்.

"லிசாந்த்ரோ. அன்னைக்கு ஆர்செனியோவக் கூட்டிட்டு வந்தது நீதான?"

"ஆமாக்கா."

"எங்க திருப்புன?"

அவன் கீழே, அந்தப் பாறைப் பக்கம் தாடையை ஆட்டினான்.

"மூச்சு வாங்குச்சா அவனுக்கு?"

"பாட்டுப் பாடிட்டு வந்தாருக்கா."

இறங்கும்போது பிளாஸ்டிக் தட்டில் உட்கார்ந்து, பனியில் தோண்டிய வாய்க்கால் வழியாகச் சறுக்கினார்கள். பையன்கள் ஊளையிட்டார்கள். நோல்பாவின் கால்சட்டைக்குள் பின்பக்கமாக அரைக்கிலோ பனி புகுந்தது. வேறொரு நாளாக இருந்தால் அவள் போட்டிருக்கும் கூச்சலில் ஊரே திரும்பிப் பார்த்திருக்கும். அன்று கீழே தெரிந்த வேனையே பார்த்துக்கொண்டு சறுக்கினாள்.

ஆர்செனியோ விழித்துத்தான் இருந்தான். வேன் கதவைத் திறந்து, சூடாக மாத்தே டீயை நீட்டினான்.

"பாறையோட திரும்பிட்டியா கெழவி?"

"மேல போய்ட்டு வந்துட்டேன்."

"பெருக்கலோடயா?"

நோல்பா எல்லாவற்றையும் சொன்னாள். மென்று விழுங்காமல், தன்னையும் விட்டுவைக்காமல், லிசாந்த்ரோ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னாள். கடைசியில், "ஒன் முட்டில ஒண்ணும் இல்லய்யா. எப்பவும் இருந்ததில்ல," என்றாள்.

ஆர்செனியோ தன் முட்டியை யாரோ தெரியாதவரைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"வெளாடாத. அப்ப வெறகு யாரு பொளக்கறது?"

லிசாந்த்ரோ சிரித்துவிட்டான். நோல்பா திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை முழுங்கினான். ஆர்செனியோ தன் பங்கு டீயை ஒரு வாய் உறிஞ்சினான். பிறகு மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அன்னைக்கு எனக்குக் களைப்பே இல்ல நோல்பா. இன்னும் ரெண்டு மல ஏறிருப்பேன். இவன் குதிகாலக் காட்டி, ஒன் பொண்டாட்டி பெருக்கல் போட்ருக்கா, திரும்புன்னான். நீ பாத்துப் போட்டது, தப்பா இருக்காதுன்னு திரும்பிட்டேன். எறங்கறப்பதான் முட்டி வலிக்க ஆரம்பிச்சது."

அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருடக்கணக்காகியிருந்தது. வேன் ஊர் போய்ச் சேரும் வரை அவள் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள், லிசாந்த்ரோ பார்த்துவிடக் கூடாது என்று.

புதன்கிழமை மாலை ஆர்செனியோ பின்னறைக்கு வந்து, கேட்காமலே பெஞ்சில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினான். நோல்பா அந்தக் காலை மடியில் வாங்கினாள். முப்பது வருடமாக ஒரே போர்வைக்குள் இடித்துக்கொண்டிருக்கிற கால். நாற்பத்திரண்டாம் நம்பர் பூட்ஸை மாட்டி, நாடாவை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினாள். வாசலில் வழிகாட்டிகள் மொத்தமும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என்னக்கா, வட்டமா பெருக்கலா?" என்றான் லிசாந்த்ரோ.

நோல்பா பக்கத்தில் கிடந்த ஒற்றை பூட்ஸை அவன் மேல் விட்டெறிந்தாள். பிறகு சாக்பீஸை எடுத்து ஆர்செனியோவின் கையில் வைத்தாள்.

"நீயே போட்டுக்கோ."

அவன் நாக்கைத் துருத்திக்கொண்டு, முட்டியை மடக்கி, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி வெகுநேரம் எழுதினான். அவன் போட்ட வட்டம் குதிகாலில் அடங்காமல் பூட்ஸின் கணுக்கால் பகுதி வரைக்கும் போயிருந்தது.

வியாழக்கிழமை காலை அவனை மேலே அழைத்துப்போனவள் யாஸ்னா. ஆர்செனியோவின் இடத்தில் வேனில் உட்கார்ந்து, யார் எப்போது இறங்கி வருவார்கள் என்று தெரியாமல், எட்டு மணி நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தவன் லிசாந்த்ரோ. வீட்டில் நோல்பா விறகு பிளக்கவில்லை. கோடரியைத் துடைத்து, புருஷன் வந்ததும் கண்ணில் படுகிற மாதிரி வாசற்படியில் சாய்த்து வைத்தாள்.